இடிக்காமலே கட்டும் வழி

அனுப்புநர்: ஓட்டு வீட்டுக்காரன், வீட்டுவரி பாக்கி இல்லாதவன், ஷூ கம்பெனியில் தோல் தரம் பார்த்து ஓய்வுபெற்றவன்.

பெறுநர்: வணக்கத்துக்குரிய மேயர் அவர்களும் அறுபது வார்டு மாமன்ற உறுப்பினர்களும், வேலூர் மாநகராட்சி.

நகல்: ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் நகர்மன்றங்கள். (2019-இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். ஜல்லி லாரிக்கு அது இன்னும் தெரியாது.)

பொருள்: பழைய வீடுகளை அகற்றி அடுக்குமாடிக் குடியிருப்பு எழுப்புவது – வீண் செலவைத் தவிர்ப்பது – தொடர்பாக.



ஒரு பழைய வீட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எட்டு வீடு எழுப்ப நினைப்பவருக்கு இடிப்பதிலேயே கை கடித்துவிடுகிறது. ஜேசிபி வாடகை, ஓடு பிரிக்கக் கூலி, உத்தரத்துக்கு மரக்கடைக்காரரோடு பேரம், கடைசியில் இடிபாட்டை ஏற்றிக்கொண்டுபோய் ஆள் நடமாட்டம் அடங்கியபின் ஆற்றங்கரையில் கொட்ட ஒரு லாரி. இவ்வளவும் எதற்கு? வீட்டை இடிக்கவே வேண்டாம். இருப்பது இருந்தபடி இருக்கட்டும், மேலே கான்கிரீட்டை ஊற்றிவிடலாம் என்பது அடியேனின் யோசனை.

நடக்கிற காரியமா என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். வேலூர்க்காரர்கள் கேட்கக் கூடாது. 2022-இல் காளிகாம்பாள் கோயில் தெருவில் ராத்திரியோடு ராத்திரியாக சிமென்ட் ரோடு போட்டார்கள். வாசலில் நின்ற பைக்கை நகர்த்துவதற்காக யாருடைய தூக்கத்தையும் கெடுக்காமல், சக்கரங்களோடு சேர்த்தே போட்டு முடித்தார்கள். விடிந்து பார்த்தால் வண்டிக்கு ஸ்டாண்டே தேவைப்படவில்லை. அதே ஆண்டு சத்துவாச்சாரியில் கால்வாய் கட்டும்போது குறுக்கே நின்ற அடிபம்பையும் அப்படியே கான்கிரீட்டுக்குள் வைத்துப் பூசினார்கள். நாடே அந்தப் படங்களைப் பார்த்துச் சிரித்தது. சிரித்தவர்களுக்குத் தொழில்நுட்பம் விளங்கவில்லை. வண்டிக்கும் பம்புக்கும் கைவந்த வித்தை வீட்டுக்கு மட்டும் வராதா என்ன?

செய்முறை எளிது. திண்ணையின் நாலு மூலையிலும் தூண் இறக்க வேண்டும். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி எழுந்திருக்கத் தேவையில்லை. கூடத்தில் இரண்டு கார், அடுக்களையில் நாலு பைக், முற்றத்தில் ஜெனரேட்டர். தரைத்தளத்தில் வண்டி நிறுத்த இடம் விட்டாயிற்று என்று வரைபடத்தில் காட்டிக்கொள்ளலாம். பூஜை அறையை வாட்ச்மேனுக்கு ஒதுக்கலாம். வீட்டுக்காரருக்கு மூன்றாவது மாடியில் ஒரு பங்கு. அங்கிருந்து எட்டிப் பார்த்தால் தான் பிறந்த வீட்டின் ஓடு தெரியாது. பக்கத்து அடுக்குமாடியின் குளியலறை ஜன்னல் தெரியும்.

இதை மாமன்றத்தில் ‘பொருள்’ ஆக வைக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. இந்த இடத்தில் உங்கள் முகம் மாறும் என்று தெரியும். கட்டட அனுமதி மன்றத்துக்கு வருவதில்லை, அது ஆணையர் கையெழுத்து, பெரிய கட்டடமென்றால் நகர் ஊரமைப்பு இயக்ககம், எல்லாம் ஆன்லைன், எங்கள் கையில் ஒன்றுமில்லை என்பீர்கள். உண்மைதான். தெருவிளக்கு எரியாததற்கு ஒரு மணி நேரம் வாதாடும் மன்றத்தில், ஒரு தெருவே உருமாறிப் போவதைப் பற்றி ஒரு வரி தீர்மானம் கிடையாது. ஜல்லி இறங்கிய அன்றே எந்த மனையில் என்ன எழும்புகிறது என்று வார்டு உறுப்பினருக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்ததைத் தெரியாததாக வைத்திருக்கும் கட்டுப்பாடு வேறு எந்த ஊர் மன்றத்துக்கு வரும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2016 அக்டோபரில் பழைய மன்றங்களின் காலம் முடிந்தபின் 2022 பிப்ரவரியில்தான் தமிழ்நாட்டு நகரங்களுக்குத் தேர்தல் வந்தது. நடுவில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் மேயரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை, தனி அலுவலர் ஆட்சி. அந்தக் காலத்திலும் ஓட்டு வீடுகள் விழுந்தன, அடுக்குமாடிகள் எழுந்தன, சாக்கடை வழக்கம்போல் நின்றது. மன்றம் இருந்த காலத்துத் தெருவையும் இல்லாத காலத்துத் தெருவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எதென்று நகரமைப்பு ஆய்வாளராலும் சொல்ல முடியாது. தலையீடே இல்லாத நிர்வாகம் என்று இதற்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுக்கலாம்.

எட்டு என்ற எண்ணுக்கும் சேர்த்து ஒரு சான்றிதழ் தர வேண்டும். ஆறு வீடு கட்ட இடமிருந்தாலும் எட்டாக நெருக்குகிறார்கள், பன்னிரண்டு கட்ட இடமிருந்தாலும் எட்டில் நின்றுவிடுகிறார்கள். ராசிக்காக அல்ல. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி எட்டுக்கு மேற்படாத வீடுகள் உள்ள திட்டத்தை ரெரா ஆணையத்தில் பதிய வேண்டியதில்லை. எட்டு வீடு வரை உள்ளூரிலேயே அனுமதி வாங்கிக்கொள்ளலாம். 2024-இல் அரசு விதியைத் தளர்த்தி, 750 சதுர மீட்டருக்குள் எட்டு வீடு வரையிலான குடியிருப்புக்குப் பணி நிறைவுச் சான்றே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டது. வரைபடத்தில் இருந்ததுதான் மண்ணில் நிற்கிறதா என்று அதிகாரி வந்து டேப் பிடித்துப் பார்த்துத் தரும் சான்று அது. அது இல்லாமல் மின் இணைப்பு கிடைக்காது என்ற தொல்லை இருந்தது. இப்போது இல்லை. ஆக, எட்டில் நின்றவனை யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. மொட்டை மாடியில் ஷீட் போட்டு எழும் ஒன்பதாவது வீட்டைத் துணி காயப்போடும் அறை என்று எடுத்துக்கொள்வோம்.

மன்றத்துக்கும் இதில் லாபம் உண்டு. ஒரு வரிவிதிப்பு எண் இருந்த இடத்தில் எட்டு வரிவிதிப்பு எண்கள், எட்டுக் குடிநீர்க் கட்டணங்கள். சாக்கடை மட்டும் அதே ஒன்று, ஒரு ஜாண் அகலத்தில்.

நான் தோலைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் எனக்கு இதில் ஒரு குறுகுறுப்பு. எங்கள் பக்கத்தில் பதனிட்ட தோலும் சதுர அடியில்தான் விற்கிறது, வீடும் சதுர அடியில்தான் விற்கிறது. தோலை அளந்து அதன் உள்பக்கத்தில் அளவைக் கால் அடி சுத்தமாகக் குறித்துவைப்போம். அதில் ஒரு உண்ணிக்கடித் தழும்பு இருந்தால் தரம் இறங்கும். வெட்டு, தையல், ஒட்டல் என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர் புரட்டிப் பார்ப்பார். பெட்டிக்குள் போகும் முன், உடைந்த ஊசிமுனை எங்காவது சிக்கியிருக்கிறதா என்று மெட்டல் டிடெக்டரில் விடுவார்கள். ஐரோப்பாவுக்குப் போகிற ஷூ என்றால் ஆறு இணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சரக்கு திரும்பிவிடும். ஒருவர் காலில் ஓரிரு வருஷம் கிடந்து தேயும் பொருளுக்கு இத்தனை சோதனை. எட்டுக் குடும்பம் தலைமுறைக்கும் தூங்கப்போகும் கட்டடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பதும் அதிகப்படியாகிவிட்டது.

பதனிடும்போது மிஞ்சிய குரோமியம் எங்கே போயிற்று என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். 1996 ஆகஸ்டில், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்பு சொன்ன உச்ச நீதிமன்றம், தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போனதைப் பதிவு செய்தது. ‘கெடுத்தவர் கொடுக்க வேண்டும்’ என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் நம் ஊர்ப் பெயரை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதுகிறார்கள். 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு முழுதாகப் போய்ச் சேரவில்லை என்று மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து கிடந்த கதை தனி. பயிர் விளையாத மண்ணில் விளையக்கூடியது ஒன்றுதான், மனை. கட்டட அனுமதிக்குப் பட்டா, வில்லங்கச் சான்று, வரைபடம், மனையின் புகைப்படம் எல்லாம் கேட்கிறார்கள். அந்த மனையின் கிணற்றுத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை. ஜெர்மனிக்காரர் கால் வைக்கும் தோலைப் பற்றி அவர் கேட்கிறார். நாம் கால் வைக்கும் தரையைப் பற்றி நாம் கேட்டால் நாகரிகமாக இருக்காது என்று விட்டிருப்பீர்கள்.

தண்ணீர் என்றதும் 2003-இல் கட்டாயமாக்கிய மழைநீர் சேகரிப்பு நினைவுக்கு வருகிறது. இன்றும் ஒவ்வொரு புதுக் கட்டடத்திலும் மாடியிலிருந்து ஒரு பிவிசி குழாய் இறங்குகிறது. சிலவற்றில் அது தரை வரைக்கும் வருகிறது. பாலாற்றங்கரையில் குடியிருக்கும் நாம் மேட்டூர் பக்கத்துக் காவிரியைக் குழாயில் வரவழைத்துக் குடிக்கிறோம். ஓட்டு வீட்டில் ஒரு குடும்பம் இருந்தபோது ஒரு குழாய் போதும் போதாததுமாக இருந்தது. இப்போது எட்டுக் குடும்பம், எட்டு வாஷிங் மெஷின். காவிரி கொஞ்சம் வேகமாக நடந்து வர வேண்டும் என்று ஒரு தீர்மானம் போடுங்கள்.

புதிதாக எழும்பும் குடியிருப்பில் யார் குடியிருக்கிறார்கள் என்பதும் சுவாரசியமான கேள்வி. சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றி, காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் நடந்து பாருங்கள். குடும்பங்கள் இருந்த வீடுகள் லாட்ஜ்களாக உயர்ந்து நிற்கின்றன. பெயர்ப்பலகை வங்காளத்தில், சாப்பாட்டுக் கடையில் மீன் குழம்பு கொல்கத்தா ருசியில். வங்கத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் நோயைத் தூக்கிக்கொண்டு இவ்வளவு தூரம் வருகிறவர்களுக்குத் தங்க இடம் வேண்டும், அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. அவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவும் வார்டு பாயும் எங்கே தங்குவது என்பதுதான் கேள்வி. முன்பு அதே தெருவின் பின்கட்டில் இருந்தார்கள். இப்போது பஸ் ஏறி வருகிறார்கள்.

ஒன்றை மட்டும் பகடியில்லாமல் சொல்லிவிடுகிறேன். பழைய வீடெல்லாம் சொர்க்கம் என்று நான் வாதாடவில்லை. 2021 நவம்பர் 19, பாலாற்றில் வெள்ளம் போன அந்த மழையில், பேரணாம்பட்டில் ஒரு வீடு விடியற்காலையில் இடிந்து ஒன்பது பேர் செத்துப்போனார்கள். அதில் குழந்தைகளும் இருந்தார்கள். இற்றுப்போன சுவரை இடிக்கத்தான் வேண்டும். இடிக்கும் முன் அதில் யார் இருக்கிறார்கள், அன்று ராத்திரி எங்கே படுப்பார்கள் என்று கேட்கவும் வேண்டும். நோட்டீஸ் ஒட்டுவதோடு நம் அக்கறை முடிந்துவிடுகிறது. அதையும் சுவரில்தான் ஒட்டுகிறோம், சுவர் விழும்போது அதுவும் சேர்ந்து விழுகிறது.

யோசனைக்குத் திரும்புகிறேன். இடிக்காமல் கட்டும் முறையில் ஒரே ஒரு சிக்கல், லைன் வீடுகள். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள் இருப்பது அதில்தான். ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஆறு அறை, பொதுவில் ஒரு கழிப்பறை, காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு ஓட்டம். மனைக்காரர் ஒருவர், கையெழுத்து ஒன்று; அடுக்குமாடிக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. 2022-ஆம் ஆண்டின் அடுக்குமாடி உரிமைச் சட்டத்தில், பழைய அடுக்குமாடியை இடித்துக் கட்ட உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதிக்க வேண்டும் என்று இருக்கிறது. லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கும் ஆறு குடும்பமும் சேர்ந்து சம்மதிக்காவிட்டாலும் கணக்கு பூஜ்யம்தான். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தால் விவகாரம் முடிந்தது. மேலே எழும் எட்டு வீட்டில் ஒன்றுக்குக்கூட அவர்கள் சம்பளத்தில் வாடகை கொடுக்க முடியாது. அதனால் ஊருக்கு வெளியே இன்னும் இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போவார்கள், கம்பெனி பஸ் இன்னும் அரை மணி முன்னதாகப் புறப்படும்.

இவர்களையும் கான்கிரீட்டுக்குள் வைத்து ஊற்றிவிடலாம் என்றால் ஷிப்டுக்கு ஆள் குறையும், முதலாளிகள் வருத்தப்படுவார்கள். ஆகவே சிறிய ஏற்பாடு ஒன்று கேட்கிறேன். கட்டட அனுமதி விண்ணப்பத்தில் மனையின் நீளம், அகலம், தெருவின் அகலம், வண்டிகளின் எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. இப்போது இந்த மனையில் குடியிருப்பவர்கள் எத்தனை பேர், எங்கே போகிறார்கள் என்பதற்கு மட்டும் கட்டம் இல்லை. ஒன்று போட்டுக்கொடுங்கள். படிவத்தில் புதிதாகக் கட்டம் எழுப்பவும் திட்ட அனுமதி வேண்டும் என்று அலுவலகக் குறிப்பு வந்தால் கவலைப்பட வேண்டாம். பக்கத்தில் ஏழு காலிக் கட்டம் சேர்த்து எட்டாகப் போட்டுவிடுங்கள், யாரும் கேட்கமாட்டார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓட்டு வீட்டுக்காரன்