ரேங்க் லிஸ்ட்காரர்

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று நீளும் சமவெளி எல்லையிலும், இடுக்கி மாவட்டத்தில் மறையூர், தேவிகுளம், பூப்பாறை, வண்டிப்பெரியாறு, குமுளி என்று ஏறி இறங்கும் மலை எல்லையிலும் வாழும் தமிழர்களிடையே, வேலையில் இருப்பவர், வேலை இல்லாதவர் என்ற இரு பிரிவினருக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு பிரிவினர் உண்டு. கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம், அதாவது ஊரார் வாயில் பி.எஸ்.சி., வெளியிடும் தரவரிசைப் பட்டியலில் பெயர் வந்து, பணி ஆணை மட்டும் இன்னும் வராமல் இருப்பவரே ரேங்க் லிஸ்ட்காரர். சம்பளம் இல்லாததால் இவரை உத்தியோகஸ்தர் என்று அழைக்க வழியில்லை. பெயர் அரசுத் தாளில் அச்சேறியிருப்பதால் வேலையற்றவர் என்று சொல்லிவிட்டு அவர் வீட்டில் காப்பி குடிக்கவும் முடியாது. "தம்பி என்ன பண்றாப்ல?" என்று உறவினர் கேட்டால், "லிஸ்ட்ல இருக்கான்" என்று அம்மா சொல்லும் பதிலில் ஒரு தாசில்தாருக்கு உரிய கம்பீரம் இருக்கும்.

1956 நவம்பர் 1 அன்று மாநிலத்தோடு சேர்ந்தே பிறந்த இந்த ஆணையத்தின் தலைமையகம் திருவனந்தபுரம் பட்டத்தில் உள்ள துளசி ஹில்ஸ்; விண்ணப்பதாரர் தம் விவரங்களை ஒரே முறை பதிந்து வைத்துக்கொள்ளும் இணையக் கணக்குக்கும் துளசி என்றே பெயர். மற்ற வீடுகளில் முற்றத்துத் துளசியைக் காலையில் ஒருமுறை சுற்றுகிறார்கள் என்றால், இவர் இந்தத் துளசியை மூன்று வேளையும் சுற்றுகிறார். அறிவிப்பு வரும், விண்ணப்பிக்க வேண்டும். தேர்வுக்கு வருவேன் என்று முன்கூட்டியே உறுதி கொடுக்க வேண்டும், கொடுக்காதவருக்கு ஹால் டிக்கெட் இல்லை. தேர்வில் தவறான விடை ஒன்றுக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும் என்பதால், தெரியாததைத் தொடாமல் விடும் துறவு மனப்பான்மையும் வேண்டும். பிறகு ஷார்ட் லிஸ்ட், சான்றிதழ் சரிபார்ப்பு, நேர்முகத் தேர்வு, ரேங்க் லிஸ்ட், இன்னாரை நியமிக்கலாம் என்று ஆணையம் துறைக்குப் பரிந்துரைக்கும் அட்வைஸ் மெமோ, துறையின் நியமன ஆணை என்று படிகள் நீளும். எல்லாப் பணிக்கும் நேர்முகம் கிடையாது. எழுத்தர் பணிக்கு எழுத்துத் தேர்வோடு முடிந்துவிடும். ஆகவே, இவ்வினத்தின் இலக்கணம் ஒன்றுகூடப் பிசகாமல் பொருந்தி வருபவர், தமிழ்வழித் தொடக்கப்பள்ளி ஆசிரியர் பணிக்குக் காத்திருப்பவரே ஆவார். ஆசிரியப் பயிற்சிப் பட்டயம், கே-டெட் என்னும் தகுதித் தேர்வு ஆகிய இரண்டையும் கடந்த பிறகுதான் இவர் முதற்படியில் கால் வைக்கவே அனுமதிக்கப்படுகிறார்.

படிப்பு இவருக்கு ஒரு கட்டத்துக்குப் பிறகு நோய் போலாகி, பின்னர் அதுவே மருந்தாகவும் ஆகிவிடுகிறது. கேரளத்தின் 44 ஆறுகளில் 41 மேற்கு நோக்கியும், கபினி, பவானி, பாம்பாறு ஆகிய மூன்று மட்டும் கிழக்கு நோக்கியும் ஓடுகின்றன என்பது பி.எஸ்.சி. உலகின் பாலபாடம். அந்த மூன்றில் பவானி அட்டப்பாடி வழியாகவும், பாம்பாறு மறையூர்ப் பக்கமாகவும் ஓடித் தமிழ்நாட்டுக்குப் போகின்றன. பாம்பாற்றில் துணி துவைத்து வளர்ந்த பெண், அது எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைக் கோழிக்கோட்டில் அச்சான வழிகாட்டி நூலைப் பார்த்து மனப்பாடம் செய்து, நூலில் இருப்பது சரிதானா என்று ஒருமுறை ஆற்றங்கரைக்குப் போய்ப் பார்த்தும் வருவார்.

காத்திருப்பு நீள நீளச் சரியான விடைகளே தவறாகிவிடும் ஆபத்தும் உண்டு. பரப்பளவில் பெரிய மாவட்டம் எது என்ற கேள்விக்கு நெடுங்காலம் பாலக்காடு என்று எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள், 2023ஆம் ஆண்டில் எர்ணாகுளம் மாவட்டத்துக் குட்டம்புழா கிராமத்தின் ஒரு பெரும்பகுதி இடுக்கியின் இடமலைக்குடி கிராமத்தோடு சேர்க்கப்பட்டு, இடுக்கி 4,612 சதுர கிலோமீட்டராக வளர்ந்து, 4,482 சதுர கிலோமீட்டர் கொண்ட பாலக்காட்டை முந்தியதும் திகைத்துப்போனார்கள். வேறு யாருக்கும் அதனால் ஒரு சென்ட் நிலம்கூடக் கூடவோ குறையவோ இல்லை. பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவின் ரேங்க் லிஸ்ட்காரர்கள் மட்டும் ஒரு மதிப்பெண் பறிபோன துக்கத்தில் இருக்க, மூணாற்றில் இருந்தவர்கள் அந்த மதிப்பெண்ணைத் தங்கள் ஊர் வென்றெடுத்த பெருமையில் மிதந்தார்கள்.

இவருடைய உடைமைகளில் தனி ஆய்வுக்கு உரியது ஃபைல். ஜிப் வைத்த, நீல நிற, மழைக்கு அஞ்சாத பிளாஸ்டிக் உறை அது. அதற்குள் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் தொடங்கிப் பட்டயம், கே-டெட், பிறப்பிடச் சான்று, சாதிச் சான்று, வசதி படைத்த பிரிவினர் அல்லர் என்பதற்கான நான்-கிரீமி லேயர் சான்று வரை அசலும் நகலும் மாறி மாறி இருக்கும். மேற்சொன்னவற்றில் சிலவற்றுக்கு ஆயுள் குறைவு. நேர்முகத்துக்கு அழைப்பு வரும் வாரத்தில்தான் அவை காலாவதியாகும். அப்போது அரசின் இணையச் சேவை தரும் அக்ஷயா மையத்துக்கும் வில்லேஜ் ஆபீசுக்கும் இடையே இவர் நடக்கும் நடையை வைத்தே, அழைப்பு வந்துவிட்டது என்பதை ஊர் தெரிந்துகொள்ளும்.

தோட்டத் தொழிலாளர் குடும்பத்திலிருந்து வந்தவருக்கு இந்த ஃபைல் கொஞ்சம் கனமானது. பட்டியல் சாதிகளைக் குறிக்கும் குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்டு 10 அன்று வெளியானது. அந்நாளுக்குப் பிறகு வேறு மாநிலத்திலிருந்து வந்த குடும்பமென்றால், இங்கே பட்டியல் சாதிக்கான இடஒதுக்கீட்டுச் சலுகை இல்லை. ஆகவே, மூன்று தலைமுறையாகத் தேவிகுளம் மலையில் கொழுந்து எடுக்கும் குடும்பத்தின் பேரன், தன் கொள்ளுத்தாத்தா அந்தத் தேதிக்கு முன்பே மலையேறிவிட்டார் என்பதற்கு ஆதாரம் தேட வேண்டியவனாகிறான். கொள்ளுத்தாத்தாவோ, கொள்ளுப்பேரன் பி.எஸ்.சி. எழுதுவான் என்று எதிர்பாராமல், ஒரு தாளையும் பத்திரப்படுத்தாமல் போய்ச் சேர்ந்துவிட்டார். தோட்டக் குடியிருப்பான லயத்து வீட்டின் தகரப் பெட்டியையும் எஸ்டேட்டின் பழைய பேரேட்டையும் துருவி ஒரு பெயரைக் கண்டெடுக்கும் இளைஞன், வரலாற்றில் முனைவர் பட்டம் பெறத் தேவையான உழைப்பைத் தொடக்கப்பள்ளி வேலைக்காகச் செலவிட்டு முடித்திருப்பான். இந்த இடத்தில் நகைச்சுவை கொஞ்சம் ஒதுங்கி நிற்பதுதான் முறை.

சரிபார்ப்புக்கு இடுக்கிக்காரர் கட்டப்பனையில் உள்ள மாவட்ட அலுவலகத்துக்குச் செல்ல வேண்டும். மறையூரிலிருந்து மூணாற்றுக்கே 40 கிலோமீட்டர். அங்கிருந்து மறுபடி பேருந்து மாறி, மலைகளைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள், எதிர்த்திசையில் உடுமலைப்பேட்டைக்குப் போனவர் சினிமா பார்த்துவிட்டு வீடு திரும்பியிருப்பார். கொழிஞ்சாம்பாறைக்காரருக்குப் பாலக்காட்டு அலுவலகம் பக்கம்தான் என்றாலும், அவரும் விடியற்காலையிலேயே புறப்பட்டுவிடுவார். அலுவலகம் திறக்கும் முன்பே வாசலில் நிற்பது இவ்வினத்தின் பிறவிக்குணம்.

நேர்முகத் தேர்வுக்கான ஆயத்தம் கோச்சிங் சென்டரின் மாதிரி நேர்முகத்தில் தொடங்குகிறது. மேசைக்கு அந்தப் பக்கம் மூவர் உட்கார்ந்திருப்பார்கள். மூவருமே முந்தைய லிஸ்ட்களில் காத்திருந்து, வேலை கிடைக்காத அனுபவத்தால் கேள்வி கேட்கும் தகுதி பெற்றவர்கள். "உட்காரச் சொல்லாம உட்காராதீங்க, சொன்ன பிறகு யோசிக்காதீங்க" என்பது முதல் பாடம். தமிழ்வழிப் பணிக்குப் போகிறவருக்குத் தமிழ் தெரிந்தால் போதும் என்று வெளியூர்க்காரர் நினைக்கலாம். ஆணைய உறுப்பினர் மலையாளத்தில் கேட்பார். பாட வல்லுநர் தமிழில் கேட்பார். கல்வி உளவியலில் பியாஜேயும் வைகாட்ஸ்கியும் ஆங்கிலத்தில் வந்து நிற்பார்கள். மூன்று மொழிகளையும் சந்தையில் தடுக்கி விழாமல் பேசும் எல்லைத் தமிழர், அந்த அறையில் மட்டும் மலையாளத்தில் கேட்டவருக்குத் தமிழிலும் தமிழில் கேட்டவருக்கு மலையாளத்திலும் பதில் சொல்லிவிடுகிறார். வெளியே வரும்வரை அது அவருக்கே தெரியாது. கேட்டவர்களும் அதைச் சுட்டிக்காட்டுவதில்லை என்பது எல்லை மாவட்டங்களுக்கே உரிய நாகரிகம். சில நிமிடங்களில் முடிந்த அந்த உரையாடல் அடுத்த சில மாதங்களுக்கு வாசகசாலையில் அலசப்படும். உறுப்பினர் தலையாட்டினாரா, மின்விசிறிக் காற்றில் தலை ஆடியதா என்பதில் இன்றுவரை ஒருமித்த கருத்து ஏற்பட்டதில்லை.

லிஸ்ட் வெளியான பின்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. பட்டியலுக்கு ஆயுள் குறைந்தது ஓராண்டு. இடையில் புதிய பட்டியல் வராவிட்டால் அதிகபட்சம் மூன்றாண்டு. அதற்குள் தம் எண் வரை நியமனம் வந்து சேர வேண்டும். சரிபாதி இடங்கள் சமூக இடஒதுக்கீட்டுக்குரியவை என்பதால், 20 இடங்களை ஓர் அலகாகக் கொண்டு பொதுப் போட்டிக்கும் ஒதுக்கீட்டுக்கும் மாற்றி மாற்றி இடம் தரும் சுழற்சி முறையை இவர் விரல் நுனியில் வைத்திருப்பார். பள்ளியில் கணக்குக்கு அஞ்சியவர்கூட, தமக்கு மேலே உள்ள பெயர்களைச் சுழற்சியில் நிரப்பி, எத்தனையாவது காலியிடத்தில் தம் முறை வரும் என்று தேநீர் ஆறுவதற்குள் சொல்லிவிடுவார்.

மேலே இருப்பவர்களிடம் இவர் காட்டும் நல்லெண்ணம் அறநூல்களில்கூட அரிது. தமக்கு வேலை வேண்டாம் என்று ஆணையத்துக்கு எழுதிக்கொடுத்து ஒருவர் விலகிக்கொள்ளலாம். அட்வைஸ் பெற்றவர் பணியில் சேராமல் போனால், அந்த இடம் சேராதவர் காலியிடம் என்ற பெயரில் அடுத்தவருக்கு வரும். ஆகவே, தமக்கு முந்தைய எண்ணில் இருப்பவருக்கு வங்கி வேலை கிடைக்க வேண்டும், அதற்கும் முந்தையவருக்குத் துபாயில் நல்ல மாப்பிள்ளை அமைய வேண்டும், முதல் எண்காரர் கல்லூரிப் பேராசிரியராக உயர வேண்டும் என்று இவர் மனமுருகி வேண்டுவார். போட்டியாளரின் வளர்ச்சிக்காகக் கோவிலில் அர்ச்சனை செய்யும் ஒரே இனம் இதுதான். கீழே இருப்பவர்களுடைய நலனில் இந்த அக்கறை அவ்வளவாகத் தென்படுவதில்லை.

அதேபோல, பணி ஓய்வு பெறுவோரின் பிறந்த நாள்கள் இவருக்கு அத்துப்படி. 2013 ஏப்ரலுக்கு முன் சேர்ந்த கேரள அரசு ஊழியர்களில் பெரும்பாலோர்க்கு ஓய்வு வயது 56. அக்காலத்தில் பள்ளியில் சேர்க்கும்போது மே மாதத்தில் பிறந்ததாகப் பதிவு செய்யும் வழக்கம் பரவலாக இருந்ததால், ஆண்டுதோறும் மே 31 அன்று ஊழியர்கள் கூட்டம் கூட்டமாக ஓய்வு பெறுகிறார்கள். பிரியாவிடைக் கூட்டத்தில் ஆசிரியையின் தோழிகள் கண் கலங்க, பின்வரிசையில் ஒருவர் மட்டும் மலர்ந்த முகத்துடன் லட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தால், அவர் யார் என்று விசாரிக்கத் தேவையில்லை. ஓய்வு வயதை உயர்த்தலாமா என்று எங்கோ ஒரு குழு யோசிப்பதாகச் செய்தி வந்தால், அதுவரை அரசியலில் நாட்டமில்லாத இவர் அன்று மாலையே கொடி பிடிப்பார். காலியிடத்தை மறைத்துவைத்திருப்பதாக ஐயம் எழுந்தால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மொழிச் சிறுபான்மையினர் அரசுக்குத் தம் மொழியிலேயே எழுதலாம் என்று அனுமதிக்கும் 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டமும் இருக்கிறது. எல்லைப்புறத்தில் இன்று பிழையற்ற தமிழ் உரைநடையில் எழுதப்படுபவை பெரும்பாலும் இவருடைய மனுக்களே.

இவ்வளவும் செய்த பின்பும் காலியிடம் தானாகப் பிறந்துவிடாது. பள்ளியில் ஆசிரியப் பணியிடம் எத்தனை என்பது, ஜூன் மாதம் பள்ளி திறந்து ஆறாவது வேலைநாளில் எடுக்கப்படும் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. தொடக்க வகுப்புகளில் 30 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது கணக்கு. ஆகவே, ஏப்ரல், மே மாதங்களில் இவர் தமிழ்வழிக் கல்வியின் தீராத பரப்புரையாளராக மாறி, வீடு வீடாகச் சென்று, தாய்மொழியில் பயிலும் குழந்தையின் சிந்தனைத் திறன் பற்றிப் பெற்றோரிடம் உரையாற்றுகிறார். "உங்க அக்கா பையன் எங்கே படிக்கிறான் தம்பி?" என்று ஒரு பாட்டி குறுக்கே கேட்டால், பொள்ளாச்சியில் ஆங்கிலவழிப் பள்ளி வேனில் ஏறும் அந்தப் பையனைப் பற்றிய பேச்சை எடுக்காமல், அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டதாகச் சொல்லி எழுந்துவிடுவார். பரப்புரையில் மெய்யான ஈடுபாட்டைக் காண வேண்டுமானால் பெண்களிடம்தான் காண வேண்டும். திருமணமாகாத நிலையில் விண்ணப்பித்து, எழுத்துத் தேர்வுக்கும் நேர்முகத்துக்கும் இடையில் மணமுடித்து, அடுத்த லிஸ்ட்டும் முடிவதற்குள் தம் குழந்தையையே ஊர்த் தமிழ்வழிப் பள்ளியின் ஒன்றாம் வகுப்பில் சேர்த்து எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டும் தாயைவிட நேர்மையான தமிழ்வழிப் பற்றாளர் ஒருவர் இருக்க முடியாது.

எனவே, இவரை டீக்கடையிலோ பேருந்து நிறுத்தத்திலோ சந்திக்க நேர்பவர்கள், வேலை எப்போது கிடைக்கும் என்று கேட்டுவைக்க வேண்டாம். அதற்கான விடை துளசியிலேயே இல்லை. வீட்டில் பள்ளியில் சேரும் வயதுக் குழந்தை இருந்தால், ஜூன் மாதத்தின் ஆறாவது வேலைநாளுக்குள் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் போதும்.