நான் கட்டிய காட்சிசாலை

பட்டத்துக்கு ஒன்று, தபால் தலைக்கு ஒன்று, சிறைச்சாலைக்கு ஒன்று, மேனி அழகுக்கு ஒன்று, 1511இல் மூழ்கிப்போன போர்த்துகீசியக் கப்பலின் உருவத்திலேயே ஒன்று என்று அரும்பொருட் காட்சிசாலைகளுக்குப் பஞ்சமே இல்லாத மலாக்காவில், இன்னும் ஒன்றுக்கு இடம் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று சிலர் அபிப்பிராயப்படக்கூடும். ஆயினும், புழு, பூச்சி, பட்சி, விருட்சம் ஆகியவற்றுக்கென என் மனத்துக்கு உகந்த ஒரு காட்சிசாலையைக் கற்பனையில் கட்டுவதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லையாதலால், அஸ்திவாரம் முதல் கூரை வரை அதை நான் கட்டி முடித்துவிட்டேன்.

இடம், ஜாசின் வட்டாரத்துத் தோட்டமொன்றில் ரப்பர்த் தாள்களுக்குப் புகைபோட்ட பழைய கொட்டகை. திறக்கும் நேரம், விடியுமுன் பெரட்டு முடிந்த கையோடு. மரத்துக்குள் நீரழுத்தம் மிகுந்திருக்கும் அவ்வேளையில்தான் பால் தாராளமாக வடியும்; வெயில் ஏறியபின் எழுந்தருளும் கனவான்களுக்கு மங்கும் அதில் உறைந்த ஒட்டுப்பாலுமே காணக் கிடைக்கும். அந்நேரத்தில் கண்விழிப்பது என் தேக சுபாவத்துக்கு ஒவ்வாதாகையால், இயக்குநர் பதவியை எனக்கு நானே மறுத்துவிட்டேன். வாசலில் கட்டணம் வசூலிக்கும் பொறுப்பு அட்டைகளுடையது. துரை, கிராணி, கங்காணி, கூலி என்ற பேதம் பாராட்டாமல் எல்லாரிடமும் ஒரே திரவத்தை வசூலித்து, ரசீதையும் காலிலேயே எழுதித் தந்துவிடும் சிப்பந்திகள் வேறெங்கே அகப்படுவார்கள்?

முதல் கூடத்தில் ஒரு நெல்லிமரம். தன் வேட்டை நாயை ஒரு சருகுமான் உதைத்து நீரில் தள்ளியதை அம்மர நிழலிலிருந்து கண்டு வியந்த பரமேசுவரன், அங்கேயே ராஜ்யம் ஸ்தாபித்தான் என்பது ஐதிகம். அதியமானின் நெல்லி ஔவைக்கு ஆயுளைத் தந்தது; இந்த நெல்லி ஒருவனுக்கு மலாக்காவையே தந்தது. சருகுமானுக்கு மாநிலச் சின்னத்திலேயே இடம் கிடைத்துவிட்டபடியால், இதுவரை எவரும் அனுதாபம் தெரிவிக்காத அந்த நாய்க்கு நான் ஒரு சிறு பீடம் அமைத்திருக்கிறேன்.

இரண்டாவது கூடம் எனக்கு முன்னோடிகளாக விளங்கியவர்களுக்கு. ஜாவாப் படையெடுப்பின் பொருட்டு 1811இல் இங்கே தங்கியிருந்த ராபிள்ஸ், இலை பறிக்க ஒருவன், பூச்சி பிடிக்க ஒருவன், கிளிஞ்சல் பொறுக்க ஒருவன் என்று ஆள் அமர்த்தியதையும், பாம்பு பூரான்களைச் சாராயப் பீப்பாயில் இட்டதையும், தமிழ் ரத்தமும் கலந்த மலாக்கா மைந்தர் முன்ஷி அப்துல்லா தம் சரிதத்தில் வர்ணித்திருக்கிறார். என்னிடம் பீப்பாய்க்கு இடமில்லை. வைத்தால், ஒரு மாதத்துக்குள் பாம்பு அழுகிப்போகும், காவற்காரர்தாம் பதனமாகியிருப்பார். 1803 முதல் 1818 வரை இங்கே அதிகாரம் செலுத்திய பர்குவார், சீன ஓவியர்களைக் கொண்டு 477 சித்திரங்கள் எழுதுவித்ததோடு, ஒரு தப்பீரை வீட்டில் வளர்த்து, அது சாப்பாட்டு மேசையருகே நின்று ரொட்டி வாங்கித் தின்னும் அளவுக்குச் சலுகையும் தந்தார். 1854இல் லேடாங் மலையேறிய இயற்கை ஆய்வாளர் வாலஸ், தாகத்துக்குக் குடுவைச்செடியின் நீரைப் பருகி, பூச்சிகள் மிதந்தாலும் ருசிக்குக் குறைவில்லை என்று நற்சான்று வழங்கினார். என் சிற்றுண்டிச்சாலையில் தே தாரிக் மட்டுமே கிடைக்கும்.

மூன்றாவது கூடத்தின் நடுநாயகம் பால்மரம். 1876இல் பிரேசிலிலிருந்து விக்ஹாம் கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, மறு ஆண்டு 22 கன்றுகளாகச் சிங்கப்பூரில் வந்திறங்க, அவ்வினத்தை 1896இல் டான் சே யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தோட்டமாகவே பயிரிட்டார். நம் முன்னோரைப் போலவே கப்பலேறி வந்த இம்மரத்திடம், உன் அடையாள அட்டை நீலமா சிவப்பா என்று எவரும் வினவியதில்லை. இக்கூடத்தில் காய்கள் பட்டென்று வெடித்து விதை தெறிக்கும். அவ்விதையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துப் பக்கத்தில் இருப்பவர் கையில் சூடுவைக்கச் சிறுவர்களுக்குப் பூரண சுதந்திரம் உண்டு.

எல்லாக் கூடங்களுக்கும் பொதுவான சட்டம் ஒன்றுதான். தப்பீரின் விஞ்ஞானப் பெயருக்குப் பின்னால், 1819இல் அதைச் சூட்டிய பிரெஞ்சு அறிஞர் தேமாரேயின் பெயர் இன்றளவும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பர்குவாரின் 477 சித்திரங்களையும் வரைந்த கைகளுக்கோ பெயரே இல்லை. ஆகையால் என்னிடத்தில் லத்தீன் நாமம் பொடி எழுத்திலும், அப்பிராணியைப் பிடித்தவர், சுமந்தவர், அதனிடம் கடிபட்டவர் ஆகியோரின் நாமங்கள் கொட்டை எழுத்திலும் விளங்கும். விளக்கம் சொல்பவர்கள், நிரை நிரையாய்ப் பால் வெட்டி, காண்டா வாளி சுமந்து, எந்த மரத்தில் எந்தக் குளவி கூடு கட்டும் என்பதை உடம்பால் கற்றுத் தேர்ந்த பாட்டிமார்களும் தாத்தாமார்களுமே. அவர்களுக்குச் சம்பளமும் உண்டு.

தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவரும் இக்காலத்தில், லயங்களில் வளர்ந்த அப்பெரியோர்களும் குறைந்துவருகிறார்கள். ஆகவே, ஜாசின், அலோர் காஜா வாசகர்களே, இந்த வாரமே அவர்களருகில் அமர்ந்து, எந்தப் பூச்சிக்கு என்ன பெயர், அது யாரைக் கடித்தது என்று கேட்டு எழுதிவையுங்கள். கட்டடம் எப்போது எழும்பினாலும் எழும்பட்டும், பெயர்ச்சீட்டுகள் முன்கூட்டியே தயாராயிருக்கட்டும்.