கின்னியாவின் டீச்சரம்மா

கேள்வி: ஐ.நா. பாதுகாப்பு சபைக்கு முதன்முதலில் தலைமை தாங்கிய பெண், ஐந்து வல்லரசுகளில் எந்த நாட்டுக்காரர்?

பதில்: ஐந்தில் எதுவுமில்லை! மேற்கு ஆப்பிரிக்காவின் கின்னியா. 1958-இல் பிரெஞ்சுத் தலைவர் டிகாலிடம், “உங்கள் சகவாசமே வேண்டாம்” என்று வாக்குப்பெட்டி வழியாகச் சொல்லிவிட்டு விடுதலை பெற்ற நாடு. அங்கே கங்கான் ஊரில் 1926-இல் பிறந்த ஜான் மார்த்தின் சிசே தொழிலால் பள்ளி ஆசிரியை. பாதுகாப்பு சபைக்கு அதைவிடப் பொருத்தமான தகுதி வேறென்ன வேண்டும்? வீட்டோ வைத்திருக்கும் ஐந்து பேரும் உட்கார்ந்திருக்கும் வகுப்பல்லவா அது!

1972 நவம்பரில் அவர் தலைமையில்தான், அங்கோலா, கின்னி-பிசாவு, மொசாம்பிக் மக்களோடு பேச்சு நடத்துமாறு, அவர்களைக் காலனியாக ஆண்டுவந்த போர்ச்சுகலைக் கேட்கும் 322-ஆம் தீர்மானம் நிறைவேறியது. ஒரு கைகூட எதிர்த்து உயரவில்லை. அந்த ஒரு மாதத் தலைமைக்காகவே அவரைக் கொண்டாடுவேன்.

பிறகு சமூக நலத்துறை அமைச்சர். அவர் சேவை செய்த அதிபர் சேகு தூரேயின் ஆட்சி, எதிர்த்தவர்களைச் சிறையில் வதைத்த ஆட்சி. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். 1984 ராணுவப் புரட்சிக்குப் பின் சிசேயும் ஓராண்டுக்கு மேல் சிறையில் இருந்தார். 2017-இல் மறைந்தார்.