பூனை மணலும் பாணேர்க் குன்றும்

கே: களிமண், மரத்தூள், சோயா என்று கடையில் வகை வகையாகப் பூனை மணல் விற்கிறார்கள். எது சிறந்ததென்று நீங்களே தேர்ந்தெடுத்துச் சொல்லுங்களேன்! (ஒரு வாசகி, பாணேர், புனே)

ப: அதை உபயோகிக்கப் போவது நானா, பூனையா? வறண்ட நிலத்துக் காட்டுப்பூனையின் சந்ததியாகிய அப்பிராணி, வாசனையற்ற நுண்ணிய மணலையே பெரும்பாலும் விரும்புமாதலால், இரண்டு தட்டுகளில் இரண்டு வகைகளை இட்டுவைத்து, அது எதை நாடிச் செல்கிறதென்று சில தினங்கள் கவனிப்பதே உத்தமம். களிமண்ணை நாடினால் அதுவும் சொந்த ஊர்ப் பாசமே. பூனை மணலாக விற்கப்படும் அக்களிமண், அதாவது கட்ச் பிரதேசத்தில் வெட்டியெடுக்கப்படும் பென்டோனைட், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பெருகிய எரிமலைக் குழம்பு பாறையாகி, அப்பாறை காலாந்தரத்தில் உருமாறி விளைந்ததாகும். உங்கள் பாணேர்க் குன்றும் அதே தக்காணப் பாறைக் குலத்தைச் சேர்ந்ததுதான். கழிவறையில் மட்டும் அந்தக் களிமண் மணலைக் கொட்டாதீர்கள். நீர் பட்டால் ஊதிக் குழாயை அடைத்துவிடும்.

கே: இந்த மணல் வருவதற்கு முன் வீட்டுப் பூனைகள் என்ன செய்தன?

ப: சாம்பலிலும் ஆற்று மணலிலும் காலந்தள்ளின. நாம் சுதந்திரம் பெற்ற அதே 1947-இல், அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் எட்வர்ட் லோ என்பவர், ஆலைகளில் சிந்திய எண்ணெயை உறிஞ்சப் பயன்பட்ட களிமண்ணைப் பூனைக்கென விற்கத் தொடங்கியபோது, அவையும் சாம்பலிலிருந்து விடுதலை பெற்றன.

கடைசியாக ஓர் எச்சரிக்கை: கர்ப்பிணிகள் உள்ள வீட்டில், பூனைக் கழிவிலிருந்து தொற்றக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமியை முன்னிட்டு, மணல் தட்டை வேறொருவர் தினந்தோறும் சுத்தம் செய்யட்டும்.