பழி போட ஒரு கட்டை

தருமபுத்திரர் சகுனியோடு ஆடு புலி ஆட்டம் ஆடித் தோற்றிருந்தால், மகாபாரதம் சபாபர்வத்தோடு முடிந்திருக்கும். நாட்டையும் தம்பிகளையும் பாஞ்சாலியையும் இழந்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், பழி போடப் பக்கத்தில் ஒரு பகடைகூட இருந்திருக்காது. பகடையில் ஏதோ சூது என்று சொல்ல வழியிருந்ததால்தான் தம்பிகள் நால்வரும் 13 வருஷம் காட்டிலும் விராட நகரிலும் அண்ணன் பின்னால் அலைந்தார்கள். இல்லாவிட்டால் பீமன் அன்று மாலையே தனிக்குடித்தனம் போயிருப்பான்.

நம் வீடுகளில் தாயக்கட்டை காலங்காலமாகச் செய்துவரும் தொண்டும் இதுதான். பித்தளைக் கட்டை இரண்டையும் உருட்டுகிறோம். தாயம் விழவில்லை. காய் இறங்கவில்லை. தப்பு யார் மேல்? கட்டை மேல். மாமியார் தோற்றால், "உங்களுக்கு இன்னைக்குக் கட்டையே விழலை அத்தை" என்கிறாள் மருமகள். மனசுக்குள் வேறு ஆயிரம் இருந்தாலும் வாய் அதைத்தான் சொல்கிறது. பரமபதம் என்றால் பழி பாம்புக்கு. சீட்டு என்றால் பாதிப் பழி கைக்கு வந்த சீட்டுக்கு, மீதி கலைத்துப் போட்டவருக்கு. ஆடு புலி ஆட்டத்தில் கட்டை இல்லை, பாம்பு இல்லை, மறைத்துப் பிடிக்கச் சீட்டும் இல்லை. இருப்பதெல்லாம் கண்ணெதிரே கிடக்கிறது. தோல்விக்கு ஒரே காரணம்தான். அது தோற்றவரின் கழுத்துக்கு மேலே இருக்கிறது. இப்படிப்பட்ட ஆட்டத்தை மாமனாரும் மாப்பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்து ஆடலாமா?

நாங்கள் ஆடுகிறோம். மே மாதம் மாமா திருநெல்வேலியிலிருந்து வந்து இறங்கினால், பையில் அல்வாப் பொட்டலத்துக்கு அடியில் ஒரு சாக்பீஸ் இருக்கும். காபி ஆறுவதற்குள் ஹால் தரையில் கட்டம் தயார். உச்சிப் புள்ளியிலிருந்து நாலு கோடு விரிந்து இறங்கும். குறுக்கே மூன்று கோடு அவற்றை வெட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் வெளியே நீளும். நீண்ட நுனிகளை மேலும் கீழுமாகச் சேர்த்துவிடுவார். அடியில் ஒரு கோடு. கோடுகள் சந்திக்கும் இடங்கள் 23. மூன்று புலிக்குச் சோடா மூடி, 15 ஆட்டுக்குப் புளியங்கொட்டை. பெரியவர் தரையில் குனிகிறாரே என்று மரத்தில் செய்த செட் ஒன்றை ஆன்லைனில் வாங்கிக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "புலிக்கு மீசை இருக்கு, ஆட்டுக்குத் தாடி இருக்கு. கோட்டைத்தான் தேட வேண்டியிருக்கு மாப்ள" என்று சொல்லி ஷோகேஸில் வைத்துவிட்டார்.

சட்டதிட்டம் எளிது. ஆடுகள் ஒவ்வொன்றாக இறங்கும். 15-ம் இறங்கி முடியும்வரை எந்த ஆடும் நகரக்கூடாது. புலிக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. பக்கத்தில் நிற்கும் ஆட்டை நேர்கோட்டில் தாண்டி அப்பால் காலியிடத்தில் விழ முடிந்தால் வெட்டலாம். ஆட்டுக்குப் பின்னால் இன்னோர் ஆடு நின்றால் முடியாது. மூன்று புலியையும் அசையவிடாமல் அடைத்துவிட்டால் ஆட்டுக்காரருக்கு ஜெயம். எத்தனை ஆடு போனால் புலி ஜெயித்ததாகக் கணக்கு என்பது வீட்டுக்கு வீடு மாறும். எங்கள் வீட்டில் மாமா சொல்வதுதான் கணக்கு.

அவர் எப்போதும் புலியை எனக்கே தந்துவிடுவார். "மாப்பிள்ளைன்னா புலிதான" என்பார். அந்த மரியாதைக்குள் ஒரு கூட்டல் கணக்கு ஒளிந்திருக்கிறது. 15-ம் 3-ம் 18. மொத்த இடம் 23. ஆடு எதுவும் சாகாமல் இறங்கி முடித்தால் மிச்சமிருக்கும் காலியிடம் வெறும் 5. முகூர்த்த நாளில், மண்டபத்தின் ஒரே ஏசி அறைக்குள் மாட்டிக்கொண்ட மாப்பிள்ளைத் தோழன் கதிதான் புலிக்கு. பல்லும் நகமும் இருந்து என்ன, கால் நீட்ட இடம் வேண்டாமா?

மாமா முதலில் மூலைகளைப் பிடிப்பார். மூலையில் நிற்கும் ஆட்டைத் தாண்டினால் விழுவதற்கு அப்பால் கோடு கிடையாது. பிறகு அதற்குத் துணையாக ஒன்று, அந்தத் துணைக்குத் துணையாக ஒன்று. ஒவ்வொரு கொட்டையையும் வேட்டி நுனியில் துடைத்துவிட்டுத்தான் வைப்பார். அவர் துடைத்து முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிடும். திடீரென்று நடுவில் ஓர் ஆட்டை அனாதையாக விடுவார். நான் வெட்டுவேன். வெட்டிய புலி போய் விழுந்த இடத்தைச் சுற்றி அடுத்த சில கொட்டைகளில் வேலி எழும்பிவிடும். உஷாராகி வெட்டாமல் இருந்து பார்த்தேன். "புலி பசிச்சாலும் புல்லைத் திங்காதும்பாங்க. உங்க புலி ஆட்டையும் திங்க மாட்டேங்கே" என்றார்.

சரி, நான் ஆடு வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அதற்கும் தாராளமாகச் சம்மதித்தார். நான் யோசித்து யோசித்து ஆட்டை இறக்க, அவர் பேப்பர் படித்துக்கொண்டே புலியை நகர்த்தினார். வெட்டிய கொட்டைகளை மடியில் சேர்த்து, ஆட்டம் முடிந்ததும் எண்ணி அத்தையிடம் நீட்டினார். "இந்தா, மாப்பிள்ளை குடுத்தது."

கட்டை இல்லாத ஆட்டத்தில் பழிக்கு ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஃபேன் காற்றில் கொட்டை நகர்ந்துவிட்டது என்று சொல்லிப் பார்த்தேன். குக்கர் விசிலைச் சொன்னேன். பின்னால் நின்று "அங்க வேண்டாம்ப்பா" என்று முணுமுணுத்த மகளையும் சொன்னேன். அவள் சொன்ன இடம்தான் சரி என்று பிறகு தெரிந்ததால் அந்தப் புகார் நிற்கவில்லை. மனைவியின் தீர்ப்பு ஒரே வரி: "அப்பா யோசிச்சு வைக்காங்க. நீங்க பஸ்ஸு போயிரும்னு நகர்த்துதீங்க."

பழைய கோயில் மண்டபங்களில் தரைக்கல்லில் இந்தக் கட்டத்தைச் செதுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். செதுக்கியது ஜெயித்துக்கொண்டிருந்த ஏதோ ஒரு மாமனாராகத்தான் இருக்க வேண்டும். தோற்றவன் உளி எடுத்துக்கொண்டு வரமாட்டான். ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும்கூட இந்த ஆட்டம் உண்டு. நேபாளத்தில் பாக் சால் என்று ஒன்று: நாலு புலி, 20 ஆடு, 25 இடம். லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் என்ற இரண்டு கணினி ஆய்வாளர்கள், இரு தரப்பும் பிசகாமல் ஆடினால் பாக் சால் சமனில்தான் முடியும் என்று நிரூபித்திருக்கிறார்கள். ராத்திரிச் சாப்பாட்டில் இதை மாமாவிடம் சொன்னேன். மோரை ஊற்றிக்கொண்டே, "நேபாளத்து மாப்பிள்ளைங்க கெட்டிக்காரங்கதான்" என்றார்.

அத்தை இந்தப் பக்கமே வரமாட்டார். "மூளையைக் கசக்கவா பிள்ளைக்கு லீவு விட்டிருக்கு?" என்று தாயக்கட்டையை எடுத்து வைத்தார். எல்லோரும் உட்கார்ந்தோம். அத்தைக்குக் கடைசிவரை தாயம் விழவில்லை. ஒரு காய்கூட இறங்கவில்லை. வீடே பதறிப்போனது. மகள் ஆச்சியைக் கட்டிக்கொண்டாள். மனைவி கட்டையைத் திட்டினாள். என்னை இத்தனை வருஷமாக வேலி போட்டு அடைக்கும் மனிதர், "கட்டையில பிசுக்கு ஏறியிருக்கு, அதான்" என்று இரண்டையும் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்ப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினார். புளியில் கிடந்த கொட்டை ஒன்றை வேட்டி நுனியில் துடைத்தபடியே வந்தார். ஆட்டில் ஒன்று தேய்ந்துவிட்டதாம். "நாளைக்கு ஆகும் மாப்ள" என்று ஆட்டு டப்பாவில் போட்டு மூடினார்.