சாவதற்கென்றே ஓர் ஆணி

ஆர்தர் சிக்கார் 1925-ல் மான்ட்ரியாலில் தெருப் பனியை வாரியெறிய உருவாக்கிய ஸ்னோ புளோவர், பிறகு சுருங்கி வீட்டு கராஜுக்குள் வந்தது; கூடவே விரல்களுக்குக் கண்டமும் வந்தது. பனியை வெளியே வீசும் குழாயில் அடைப்பு வந்தால் எஞ்சினை அணைத்து, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி, கட்டையால் குத்தவேண்டும். அணைத்த பிறகும் உள்ளே மிச்சமிருக்கும் முறுக்கு பிளேடை ஒரு சுற்றுச் சுற்றிவிடும். கையுறைக்குள் இருப்பதும் கைதானே!

அப்புறம் ஷியர் பின். கல் மாட்டினால் தான் முறிந்து கியர்பாக்ஸைக் காப்பாற்றும் சின்ன ஆணி. சாவதுதான் அதன் உத்தியோகம். எதிர்வீட்டுக்காரருக்கு அது பொறுக்கவில்லை. "சும்மா சும்மா உடையுது" என்று கெட்டி ஸ்டீல் போல்ட்டைப் போட்டு முடுக்கினார். போல்ட் இன்றும் குத்துக்கல்லாட்டம் இருக்கிறது. கியர்பாக்ஸ்தான் போய்ச் சேர்ந்துவிட்டது.