களியக்காவிளைச் சூழலில் கூலர் சோதனையும் வாய்மையும்

கணினியின் பிராசஸர் மீது அமரும் உலோகக் கட்டியும் விசிறியும் எவ்வளவு சூட்டை வெளியேற்றுகின்றன என்பதை, அவற்றைக் காசு கொடுத்து வாங்கியவரே அளந்து அறிவிப்பது கூலர் சோதனை எனப்படும். இத்துறையில் வாதியும் நீதிபதியும் ஒருவரே.

துறையின் மூலவர் நியூட்டன். 1701இல் வெளிவந்த இலத்தீன் கட்டுரையில், பழுக்கக் காய்ச்சிய இரும்பை அசையாக் காற்றில் ஆறவிடாமல், ஒரே சீராக வீசும் காற்றில் வைத்ததாக அவர் குறித்துள்ளார். விசிறி வைத்துச் சோதிக்கும் மரபு அங்கிருந்து வருகிறது. கட்டுரையில் அவர் பெயர் போடவில்லை. அம்மரபும் குறைவின்றித் தொடர்கிறது.

நியூட்டன் விதிப்படி, பொருள் ஆறும் வேகம் அதற்கும் சுற்றியுள்ள காற்றுக்கும் இடையிலான வெப்ப வேறுபாட்டைப் பொறுத்தது. ஆகவே பிராசஸர் 70 டிகிரி என்பது பாதிச் செய்தி. அறை எத்தனை டிகிரி என்பது மறுபாதி. மேட (சித்திரை) மாதத்துப் பகலில் 33 டிகிரி இருக்கும் அறை, இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை பிடித்ததும் 26க்கு இறங்கினால், பழைய கூலரை மேடத்திலும் புதியதை மழையிலும் சோதித்தவருக்கு 7 டிகிரி இனாம். புகழ் கூலர் கம்பெனிக்குப் போகிறது. புழுக்கத்தைக் குறை சொல்வதும் செல்லாது: வியர்வை உலராமல் தவிப்பது மனிதர், பிராசஸருக்கு வியர்ப்பதில்லை. அறையைவிடக் குளிர்ந்த பிராசஸரைக் காற்றுக் கூலரால் உண்டாக்க முடியாது. அதை உண்டாக்கிய ஆய்வாளர்கள் உண்டு.

கருவிகளுள் தனிக் கவனத்துக்குரியது துப்பாக்கி வெப்பமானி. 2020இல் தமிழ்நாடு-கேரள எல்லையான களியக்காவிளையின் சோதனைச் சாவடியில் வந்தவர் போனவர் நெற்றிக்கெல்லாம் நீட்டப்பட்ட வகை இது. மனிதத் தோல் அகச்சிவப்புக் கதிரைத் தாராளமாக வெளிவிடும். பளபளக்கும் அலுமினியமோ மிகக் கஞ்சம். எனவே கொதிக்கும் கூலரும் இக்கருவி முன் ‘காய்ச்சல் இல்லை’ என்று எல்லை தாண்டிவிடும். கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி அதன்மேல் அளந்தால் உண்மை வெளிப்படும். டேப் மலிவு, வெளிப்படுவதை ஏற்பதுதான் செலவு.

பிராசஸருக்குள் இருக்கும் சென்சாரும் முழு யோக்கியமல்ல. 2017இல் வந்த ரைசன் 7 1800எக்ஸ் பிராசஸர், உள்ளதற்கு மேல் 20 டிகிரி கூட்டிச் சொல்லும்படியே ஏஎம்டியால் அமைக்கப்பட்டது. விசிறிகள் ஒரே ஒழுங்கில் சுழல வேண்டும் என்பது காரணம். சிப்பே பொய் சொல்லும் என்ற இந்த முன்னுதாரணத்தால் ஆய்வாளர்கள் அடைந்த நிம்மதி கொஞ்சமல்ல.

சத்தத்தை அளப்பது எளிது. திறந்த வெளியில் தொலைவு இரட்டித்தால் சுமார் 6 டெசிபல் குறையும். விசிறி அமைதியாக வேண்டுமென்றால் மைக்கைத் தள்ளி வைத்தால் போதும்.

எஞ்சுவது ஒப்பீடு. புதிய கூலரை மாட்டும்போது பழைய தூசு போகிறது, பிராசஸருக்கும் கூலருக்கும் இடையே காய்ந்த வெப்பப் பேஸ்டைத் துடைத்துப் புதிது தடவப்படுகிறது. இறங்கிய டிகிரிகளில் எத்தனை பிரஷ்ஷுக்கும் பேஸ்டுக்கும் உரியவை என்று பிரித்தறிய, பழைய கூலரையும் அதேபோல் துடைத்து, அதே பேஸ்டைத் தடவி, மீண்டும் மாட்டி அளக்க வேண்டும். அதற்குள் பழையது ஆக்கர் (பழைய சாமான்) கடைக்குப் போயிருக்கும்.